கணினியிலுள்ள அரட்டைச் செயலியில் ஒலி கேட்கிறது, படம் தெரிவதில்லை

இயன்முறையாளர் (கேள்வி)

வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். என்னிடம் சிகிச்சை பெறுபவர்கள் வீட்டில் செய்யும் பயிற்சிகளையும், அவர்கள் நடக்கும் விதத்தையும் கைபேசியில் பதிவுசெய்து அரட்டைச் செயலி வழியாக எனக்கு அனுப்புகிறார்கள். அவற்றை மேசைக் கணினியின் பெரிய திரையில் பார்த்து, முழங்கால் எந்த இடத்தில் உள்நோக்கி மடிகிறது, பாதம் எப்படி ஊன்றுகிறது என்றெல்லாம் குறிப்பெடுப்பது என் அன்றாட வேலை. இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லாமல் நடந்துவந்த இந்த வேலை சில வாரங்களாகத் தடுமாறுகிறது.

சில காணொளிகளைத் திறந்தால் பேச்சும் காலடி ஓசையும் தெளிவாகக் கேட்கின்றன, ஆனால் திரை முழுக்கக் கறுப்பாகவே இருக்கிறது. வியப்பு என்னவென்றால், இயக்குவதற்கு முன்பு உரையாடலில் தெரியும் சிறிய முன்தோற்றப் படம் சரியாகத் தெரிகிறது. இயக்கு பொத்தானை அழுத்திய பிறகுதான் கறுப்பாகிறது. வேறு சில காணொளிகளில் படம் வருகிறது, ஆனால் நடுநடுவே பச்சை நிறக் கட்டங்கள் தோன்றி மறைகின்றன. மூன்றாவதாக, நீளமான சில பதிவுகள் முழுவதும் பதிவிறங்கி முடியும் வரை ஓடத் தொடங்குவதே இல்லை. முன்பெல்லாம் பதிவிறங்கிக்கொண்டிருக்கும்போதே பார்க்க முடிந்தது. இவை எல்லாமே என் கைபேசியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

செயலியை இரண்டு முறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சற்று நேரம் நிறுத்திவைத்தும் பார்த்தேன். எதுவும் பயன் தரவில்லை. கறுப்பாகத் தெரியும் ஒரு கோப்பைச் சேமித்து விண்டோஸுடன் வந்த பிளேயரில் திறந்தபோது, ஏதோ ஒரு நீட்டிப்பை விலைகொடுத்து வாங்கும்படி கேட்டது. விளம்பரம் என்று எண்ணி மூடிவிட்டேன்.

கணினி 2014-இல் வாங்கியது; நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி நினைவகம், ஏறக்குறைய அதே வயதுடைய தனி கிராஃபிக்ஸ் அட்டை, விண்டோஸ் 10. அந்த அட்டையின் டிரைவர் சென்ற மாதம் புதுப்பிக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு வந்த நினைவு இருக்கிறது. புதிய கணினி வாங்கித்தான் ஆக வேண்டுமா, அல்லது செயலியில் ஏதாவது அமைப்பை மாற்றினால் போதுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழைய தகடு (பதில்)

நீங்கள் ஒரு சிக்கலைப் பற்றிக் கேட்கவில்லை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சிக்கல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பது என் கணிப்பு. மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே நோயின் அறிகுறிகள் போலத் தோன்றுகின்றன. உங்கள் துறையிலும் இப்படி நேர்வதுண்டு என்று நினைக்கிறேன். செயலியை மீண்டும் நிறுவியதால் பயன் இல்லாமல் போனதும் இதனால்தான்.

கறுப்புத் திரைக்கான விடை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே இருக்கிறது. நீட்டிப்பு வாங்கச் சொன்னது விளம்பரமில்லை. அந்தக் கோப்பு எச்.இ.வி.சி என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, அதை விரிக்கும் பகுதி இந்தக் கணினியில் இல்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படித் தெரிவித்திருக்கிறது. எச்.265 என்பதும் இதே முறையின் இன்னொரு பெயர்தான்.

காணொளிக் கோப்பை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். எம்பி4 என்ற பின்னொட்டு அந்தப் பெட்டியின் வகையை மட்டுமே சொல்கிறது. உள்ளே படம் எந்த முறையில் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. மடிக்கவும் விரிக்கவும் பயன்படும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-இல் வெளிவந்த எச்.264 இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடுகிறது. 2013-இல் வெளிவந்த எச்.265, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவுக்குள் அடக்கிவிடும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது, ஆனால் அதை விரிப்பதற்குக் கணிப்புச் சுமை அதிகம், காப்புரிமைக் கட்டணங்களும் பலரிடமிருந்து வருகின்றன. அதனால்தான் கைபேசிகள் விரும்பி ஏற்ற ஒரு முறையைக் கணினி மென்பொருள்கள் நீண்ட காலம் தயக்கத்தோடே பார்த்துவந்தன. ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், அதைத் தாங்கும் மாடல்களில், இயல்பாகவே இந்த முறையில்தான் பதிவுசெய்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றிலும் இது ஒரு தேர்வாக இருக்கிறது.

ஒலி மட்டும் ஏன் கேட்கிறது என்றால், அதே பெட்டிக்குள் ஒலி தனித் தடமாக, பெரும்பாலும் ஏஏசி முறையில் இருக்கிறது. அதை விரிக்கத் தெரியாத மென்பொருள் இன்று அரிது. முன்தோற்றப் படம் தெரிவதற்கும் இதே போன்ற எளிய காரணம்தான்: அது காணொளியிலிருந்து உங்கள் கணினி எடுத்த படமன்று, அனுப்பியவரின் கைபேசி தனியாகச் செய்து உடன் அனுப்பிய சிறிய நிழற்படம்.

இனி செயலிக்கு வருவோம். கணினியில் ஓடும் அரட்டைச் செயலிகளில் பல, எலக்ட்ரான் என்ற மென்பொருள் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. வெளிப்பார்வைக்குத் தனிச் செயலி, உள்ளே இருப்பதோ குரோம் உலாவிக்கும் அடித்தளமான குரோமியம் உலாவி. குரோம் உலாவி 2022-இல் வந்த 107-ஆம் பதிப்பிலிருந்துதான் எச்.265-ஐ ஏற்கிறது, அதுவும் கணினியின் வன்பொருளில் அதற்கான டிகோடர், அதாவது விரிக்கும் பகுதி, இருந்தால் மட்டுமே. இன்டெல் ப்ராசஸர்களில் முழுமையான எச்.265 டிகோடர் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. உங்களுடையது நான்காம் தலைமுறை. அட்டையும் அதே வயது என்கிறீர்கள். ஆகவே செயலியின் எந்தப் பதிப்பை நிறுவினாலும் விளைவு இதுவாகவே இருக்கும்.

இது ஊகமாகவே நின்றுவிடக் கூடாது, ஆதலால் ஒரு சோதனை செய்யுங்கள். வி.எல்.சி பிளேயரை நிறுவி, கறுப்பாகத் தெரியும் கோப்புகளையும் நன்றாக ஓடும் கோப்புகளையும் அதில் திறந்து, கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். வரும் சாளரத்தில் கோடெக் என்ற வரியைப் பாருங்கள். வி.எல்.சி தனக்குத் தேவையான டிகோடர்களைத் தன்னோடே கொண்டுவருவதால் அதில் இரண்டு வகைகளுமே ஓடிவிடும். நமக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். நன்றாக ஓடுபவை எல்லாம் எச்264 என்றும், கறுப்பானவை எல்லாம் எச்.இ.வி.சி என்றும் காட்டினால் வழக்கு முடிந்தது.

பச்சைக் கட்டங்கள் வேறு கதை. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.


நுண்திரை (பதில்)

பச்சைக் கட்டங்களுக்கு நான் வருகிறேன், ஏனென்றால் என் மடிக்கணினியில் இதே துன்பத்தை அனுபவித்து மூன்று வார இறுதிகளை இழந்தவன் நான்.

படம் வருகிறது, ஆனால் சிதைகிறது என்றால் கோடெக் இல்லை என்று பொருளாகாது. டிகோடர் வேலை செய்கிறது, தவறாகச் செய்கிறது என்றே பொருள். செயலி படத்தை விரிக்கும் வேலையைத் தானே செய்யாமல் கிராஃபிக்ஸ் அட்டையிடம் ஒப்படைப்பதை வன்பொருள் முடுக்கம் என்கிறோம். அட்டைக்கும் செயலிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் டிரைவரில் பிழை இருந்தால் படம் பச்சையாகவும், ஊதாவாகவும், சில நேரங்களில் முந்தைய சட்டகத்தின் (காணொளி என்பது அடுத்தடுத்து ஓடும் நிலைப்படங்களே; அவற்றில் ஒன்றுதான் சட்டகம்) துண்டுகளோடும் வரும். பச்சை நிறமே ஏன் என்றும் கேட்கலாம். காணொளியில் ஒளிர்வும் நிறமும் தனித்தனி எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. தரவு வராமல் அவை எல்லாம் சுழியமாக இருந்துவிட்டால், அந்தச் சுழியங்களைத் திரைக்குரிய நிறங்களாக மாற்றும் கணக்கின் விடை கரும்பச்சையாக அமைகிறது. ஆக அந்தக் கட்டங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்ட இடங்கள்.

செயலியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் என்றோ ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்றோ ஒரு தேர்வு இருக்கும். பெரும்பாலும் மேம்பட்டவை என்ற பிரிவில் ஒளிந்திருக்கும். அதை அணைத்துவிட்டு, செயலியை முழுமையாக மூடித் திறக்க வேண்டும். முழுமையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் மூன்று வார இறுதிகளில் ஒன்று இதனால்தான் வீணானது. சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்தினால் இந்தச் செயலிகள் மூடுவதில்லை. கடிகாரத்துக்கு அருகிலுள்ள சிறிய படவுருக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே வலது சொடுக்கி வெளியேறு என்பதைத் தேர்ந்தால்தான் உண்மையில் மூடும். அதைச் செய்யாமல் அமைப்பை மாற்றிப் பார்த்து, பயனில்லை என்று அடுத்த மருத்துவத்துக்குத் தாவியவர்களில் நானும் ஒருவன்.

அணைத்ததும் பச்சை மறைந்தால் குற்றவாளி டிரைவர்தான் என்பது உறுதி. ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். முடுக்கம் இல்லாதபோது சுமை முழுவதும் ப்ராசஸரின் தலையில் விழுகிறது. உங்கள் நான்கு உள்ளகங்கள் (கோர்) கொண்ட ஐ5-க்கு 1080பி (முழு எச்டி) எச்.264 காணொளி பெரிய பாரமில்லை. இருந்தாலும் காணொளி அழைப்பு, பல சாளரங்கள் எல்லாம் சேரும்போது விசிறி இரைய ஆரம்பிக்கும். எனவே விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் உங்கள் கிராஃபிக்ஸ் அட்டையைத் திறந்து, டிரைவர் தாவலில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சென்ற மாதம்தான் புதுப்பிக்கப்பட்டது என்கிறீர்கள், ஆகவே பழைய பதிப்பு இன்னும் அங்கே இருக்கக்கூடும். அதற்குத் திரும்பி, கணினியை மறுதொடக்கம் செய்து, முடுக்கத்தை மீண்டும் இயக்கிப் பாருங்கள். முடுக்கம் உண்மையில் நடக்கிறதா என்பதை அறிய டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் தாவலில் ஜிபியு பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு காணொளியை ஓட்டுங்கள். வீடியோ டிகோடு என்ற வரைபடம் அசைந்தால் அட்டை வேலை செய்கிறது, தட்டையாகக் கிடந்தால் ப்ராசஸர் சுமக்கிறது.

கறுப்புத் திரைக் கோப்புகளில் முடுக்கத்தை அணைப்பதால் எந்தப் பயனும் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே மருந்தைப் பரிந்துரைக்கும் பதிவுகள் இணையம் முழுக்க இருக்கின்றன.


கட்டற்றவள் (பதில்)

நான் லினக்ஸ் பயனர், ஆகவே கேட்டவருக்கு இது நேரடியாகப் பயன்படாது. ஆனால் இதே தலைப்பைத் தேடி வரும் லினக்ஸ் பயனர்களுக்காக எழுதுகிறேன். ஒலி மட்டும் கேட்கும் நிலை எங்களிடம் எச்.264 கோப்புகளிலேயே வரலாம். ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் காப்புரிமைச் சிக்கல் காரணமாகச் சில கோடெக்குகளை இயல்பான தொகுப்புகளில் சேர்ப்பதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற தனி மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எஃப்எஃப்எம்பெக் என்ற கோடெக் தொகுப்பை முழுமையாக நிறுவ வேண்டியிருக்கும். செயலியைத் தனி வேலிக்குள் அடைத்து நிறுவும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவியிருந்தால் கணினியில் கோடெக் இருந்தும் பயனில்லாமல் போகலாம், ஏனென்றால் அது தன் வேலிக்குள் இருக்கும் நூலகங்களைத்தான் பார்க்கும். நான் ஒரு நாள் முழுவதும் கணினியில் கோடெக்குகளை மாற்றி மாற்றி நிறுவிக்கொண்டிருந்தேன், செயலியோ வேலிக்குள் அமைதியாக இருந்தது.

கேட்டவரிடம் ஒரு கேள்வி. உங்களுக்கு அனுப்புகிறவர்கள் அவற்றைக் காணொளியாக அனுப்புகிறார்களா, ஆவணமாக அனுப்புகிறார்களா? காணொளியாக அனுப்பினால் கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் அதை எச்.264-ஆக மறுசுருக்கம் செய்துதான் அனுப்பும்; எச்.265 உங்களிடம் வந்து சேரவே வாய்ப்புக் குறைவு. ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். இரண்டு ஆண்டுகள் ஓடியது சில வாரங்களாக ஓடவில்லை என்றால், மாறியது உங்கள் கணினியாக இல்லாமல் அனுப்பும் முறையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.


இயன்முறையாளர் (கேட்டவரின் மறுமொழி)

மூவருக்கும் நன்றி. முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். கடைசிப் பதிலில் உள்ள கேள்வியைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாறியது நான்தான். மறுசுருக்கத்தில் பாதத்தின் அசைவு மங்கிப்போகிறது என்பதால், ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்பு, இனிமேல் எல்லோரும் ஆவணமாகவே அனுப்புங்கள் என்று நானே ஒரு பொது அறிவிப்பை அனுப்பியிருந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

வி.எல்.சி சோதனையைப் பன்னிரண்டு கோப்புகளில் செய்தேன். நன்றாக ஓடும் ஐந்தும் எச்264 என்றே காட்டின. கறுப்பாகத் தெரியும் ஏழில் ஆறு எச்.இ.வி.சி. ஏழாவது மட்டும் குழப்புகிறது. அதில் எம்பெக்-4 வீடியோ என்று இருக்கிறது. நன்றாக ஓடும் கோப்புகளிலும் எச்264 என்பதற்குப் பக்கத்தில் எம்பெக்-4 என்ற சொல் இருக்கிறதே, பிறகு இது மட்டும் ஏன் ஓடவில்லை? இது கைபேசியில் எடுக்கப்பட்டதன்று. ஒருவர் தம் பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்து அனுப்பியது.

வன்பொருள் முடுக்கத்தை அணைத்து, கடிகாரத்துக்கு அருகே போய் முறையாக வெளியேறித் திறந்தேன். பச்சைக் கட்டங்கள் போய்விட்டன. டிரைவரை இன்று மாலை திருப்பிப் பார்க்கிறேன்.

மீண்டும் காணொளியாகவே அனுப்பச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் தெளிவு எனக்கு அவசியம். வந்து சேர்ந்த கோப்புகளை மாற்றித்தரும் இணையதளங்கள் பல இருக்கின்றன, அவற்றில் ஏற்றிவிடலாமா?


பழைய தகடு (பதில்)

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வேண்டாம், தயவுசெய்து ஏற்றிவிடாதீர்கள். அவை நோயாளிகளின் காணொளிகள். மாற்றித்தரும் தளத்தின் சேவையகத்தில் அவை எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அதே வேலையை உங்கள் கணினியிலேயே, இணைய இணைப்புகூட இல்லாமல் செய்துகொள்ள முடியும்போது அந்த ஆபத்து எதற்கு?

ஏழாவது கோப்பைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன், ஏனென்றால் பெயர் வைத்தவர்கள் செய்த வினையில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எம்பெக்-4 என்பது ஒரே கோடெக்கின் பெயரன்று. பல பகுதிகளைக் கொண்ட ஒரு பெரிய தரநிலைத் தொகுப்பின் பெயர். அதன் 2-ஆம் பகுதி ஒரு பழைய காணொளிக் கோடெக். ஒரு காலத்தில் டிவெக்ஸ், எக்ஸ்விட் என்ற பெயர்களில் வலம்வந்தவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதன் 10-ஆம் பகுதிதான் நாம் எச்.264 என்று அழைப்பது. 14-ஆம் பகுதி கோடெக்கே இல்லை. அதுதான் எம்பி4 என்ற பெட்டி. ஆகவே எம்பி4 பெட்டிக்குள் எம்பெக்-4 காணொளி என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது. அந்தப் பழைய கேமரா 2-ஆம் பகுதியில் எழுதியிருக்கிறது. மேசைக் கணினிகளில் ஓடும் குரோம் அந்தக் கோடெக்கை ஆதரிப்பதில்லை, எனவே அதன் மேல் கட்டப்பட்ட செயலியும் பெரும்பாலும் ஆதரிக்காது. எச்.265 மிகப் புதியது என்பதால் ஓடவில்லை, இதுவோ மிகப் பழையது என்பதால் ஓடவில்லை. இரண்டிலும் திரை ஒரே மாதிரி கறுப்பு.

உங்களுக்கு எளிய வழி, ஆவணமாக வரும் கோப்புகளைச் சேமித்து வி.எல்.சியிலேயே பார்ப்பதுதான். அரட்டைச் செயலிக்குள்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. வி.எல்.சியில் ஈ விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகர்ந்து பார்க்கலாம். பாதம் ஊன்றும் கணத்தைப் பார்ப்பதற்கு இது அரட்டைச் செயலியைவிடப் பன்மடங்கு உதவும். 4கே எச்.265 கோப்பு உங்கள் ப்ராசஸரில் திணறக்கூடும், 1080பி சமாளித்துவிடும்.

விண்டோஸ் கேட்ட அந்த நீட்டிப்பை வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். வன்பொருள் டிகோடர் இல்லாத கணினியிலும் அது மென்பொருள் வழியாக விரிக்க முயலும். ஆனால் அது பயன்படுவது விண்டோஸின் டிகோடர்களை நாடும் பிளேயர்களுக்கு. குரோமியத்தின் மேல் கட்டப்பட்ட செயலி அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வி.எல்.சி இலவசமாகச் செய்வதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், உதாரணமாக வேறொரு மருத்துவருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஹேண்ட்பிரேக் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவுங்கள். ஃபாஸ்ட் 1080பி30 என்ற முன்னமைவு இயல்பாகத் தேர்ந்திருக்கும், அது எச்.264 கோப்பைத் தரும். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. அதன் பெயரின் கடைசியில் இருக்கும் 30, நொடிக்கு 30 சட்டகங்களுக்கு மேல் விடமாட்டேன் என்பதற்கான அறிவிப்பு. 60 சட்டகங்களில் எடுத்த நடைப் பதிவை அப்படியே மாற்றினால், நீங்கள் ஆவணமாகக் கேட்டதன் பயனில் பாதி கரைந்துவிடும். வீடியோ தாவலில் ஃபிரேம் ரேட் என்ற இடத்தில் சேம் ஆஸ் சோர்ஸ் என்று மாற்றிவிடுங்கள்.

அங்கேயே, சம்மரி தாவலில், வெப் ஆப்டிமைஸ்டு என்று ஒரு கட்டம் இருக்கும்; அதையும் குறியிடுங்கள். உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு மருந்து அதுதான். எம்பி4 கோப்புக்குள் எந்தச் சட்டகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. நூலின் பொருளடக்கம் போன்றது. பதிவு முடியும் வரை மொத்தம் எத்தனை சட்டகங்கள் என்பது தெரியாததால், கைபேசிகள் பொதுவாக அதைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. கோப்பின் கடைசிப் பகுதி வந்து சேரும் வரை பிளேயருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. காணொளியாக அனுப்பும்போது செயலி கோப்பை மறுபடியும் எழுதுவதால், அட்டவணையை முன்னால் வைத்துவிட முடிகிறது. ஆவணமாக வரும்போது கைபேசி எழுதியபடியே கடைசியில் இருக்கிறது. ஆக இந்தச் சிக்கலும் உங்கள் அதே அறிவிப்பின் விளைவுதான். இதைக் கோளாறாக எண்ண வேண்டியதில்லை, சற்றுக் காத்திருந்தால் போதும்.


கட்டற்றவள் (பதில்)

ஊற்றிலேயே சரிசெய்யவும் வழி இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களிடம் அமைப்புகளில் கேமரா பகுதிக்குச் சென்று, ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு எடுக்கும் பதிவுகள் எச்.264-ஆக இருக்கும், ஆவணமாக அனுப்பினாலும் உங்கள் செயலியில் ஓடும். ஏற்கெனவே எடுத்தவற்றை இது மாற்றாது. 1080பி-யில் நொடிக்கு 60 சட்டகங்கள் வரை இந்த அமைப்பில் எடுக்கலாம். 4கே 60 சட்டகங்களுக்கும், மெதுவாக ஓட்டிப் பார்ப்பதற்கான 1080பி 240 சட்டகங்களுக்கும் எச்.இ.வி.சி இல்லாமல் முடியாது. நடையைப் பார்ப்பதற்கு 1080பி 60 போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. கேமரா செயலியின் அமைப்புகளில் உயர்திறன் காணொளி, எச்.இ.வி.சி, எச்.265 என்ற சொற்களில் ஏதாவது ஒன்று தென்பட்டால் அதை அணைக்கச் சொல்லலாம்.

ஆனால் உடல்நலம் குன்றியிருக்கும் ஒவ்வொருவரிடமும் கைபேசி அமைப்பை மாற்றச் சொல்வதைவிட, நீங்கள் ஒருவர் வி.எல்.சியைப் பயன்படுத்துவது எளிது என்பதே என் கருத்தும்.


இயன்முறையாளர் (கேட்டவரின் மறுமொழி)

இரண்டு நாள்களுக்குப் பின் எழுதுகிறேன். டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பினேன். வன்பொருள் முடுக்கத்தை மீண்டும் இயக்கிய பிறகும் பச்சைக் கட்டங்கள் வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் வரைபடமும் அசைகிறது. அந்த டிரைவர் தானாக மறுபடியும் புதுப்பித்துக்கொள்ளாமல் எப்படித் தடுப்பது என்பதைத் தனியாகத் தேடிப் படித்துக்கொள்கிறேன்.

ஆவணமாக வருபவற்றை இனி வி.எல்.சியில் பார்ப்பதாக முடிவுசெய்துவிட்டேன். சட்டகம் சட்டகமாக நகர்த்தும் வசதியை இத்தனை நாள் அறியாமல் இருந்தேனே என்ற வருத்தம்தான் மிச்சம். 60 சட்டகங்கள் எனக்குத் தாராளமாகப் போதும். இளம் விளையாட்டு வீரர்கள் இருவரிடம் மட்டும் ஐபோன் அமைப்பை மாற்றச் சொல்லியிருக்கிறேன், அவர்களுக்கு அது சிரமமில்லை. பழைய கேமராக்காரரின் பதிவை ஹேண்ட்பிரேக்கில் மாற்றினேன், அரட்டைச் செயலியிலும் ஓடுகிறது.

நேற்று வந்த ஒரு கோப்பு மட்டும் எதிலும் ஓடவில்லை. வி.எல்.சியும் திறக்க மறுக்கிறது, ஹேண்ட்பிரேக் அதில் காணொளியே இல்லை என்கிறது, கோப்பின் அளவோ 180 எம்பி. அனுப்பியவரைக் கேட்டபோது, பதிவின் நடுவிலேயே கைபேசியின் மின்கலம் தீர்ந்து அணைந்துவிட்டதாகச் சொன்னார். இதையும் மீட்க முடியுமா?


பழைய தகடு (பதில்)

நான் சொன்ன அந்த அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். மின்கலம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. 180 எம்பியும் உள்ளே இருக்கிறது, எது எங்கே என்று சொல்ல ஆளில்லை. அதே கைபேசியில், அதே அமைப்பில் எடுத்த இன்னொரு நல்ல பதிவை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையை ஊகித்துக் கட்டித்தரும் கட்டற்ற கருவிகள் இருக்கின்றன, சில நேரங்களில் வெற்றியும் பெறுகின்றன. ஒரே ஒரு முறை மட்டுமே நிகழ்ந்த ஒன்றின் பதிவாக இருந்தால் நான் அந்த முயற்சியில் இறங்குவேன். இது பயிற்சிப் பதிவு என்பதால், மின்னேற்றியைச் செருகிவைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள்.